பெயர் காட்டிய தாள்

தார்வாடில் கிரிஜா ஹொசமனி பார்ப்பது பதினோரு வருட வேலை. ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் அது புது வேலை. கௌரவ விரிவுரையாளர். மறு உத்தரவு கைக்கு வந்தால்தான் அடுத்த வருடம் வேலை. கல்லூரி முதல்வர் அங்கடி எதிரே வந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் ஒதுங்கிவிடுவாள். இணையக் கருவிகளைக் கொண்டு பாடம் நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தபோது கல்லூரியில் முதலில் கற்றுக்கொண்டவள் அவள்தான். பயந்தவர்களுக்கு உத்தரவுகள் சீக்கிரம் புரிந்துவிடுகின்றன.

சமூகவியல் வகுப்புக்காகத் தன் கல்லூரிக் கணக்கிலிருந்து இணையத்தில் ஒரு பொதுத்தாள் திறந்தாள். இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் போதும். எல்லோரும் தத்தம் கைப்பேசியிலிருந்து அதே தாளில் எழுதலாம். எழுதுகிறவர் பெயருக்குப் பதில் மூலையில் ஏதாவது ஒரு பிராணி தெரியும்.

"மேடம், நான் முதலையா நரியா?"

"கழுதைன்னு எல்லாருக்கும் தெரியுமே, அதுக்கு இன்டர்நெட் வேற வேணுமா?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"யார் எழுதினதுன்னு தெரியாது. தைரியமா எழுதுங்க" என்றாள் கிரிஜா.

கேள்வி இது: பெண்கள் எங்கே பயந்து நடக்கிறார்கள்? மறுநாள் காலை தாளில் ஒரு வரி கூடியிருந்தது. "எங்க ஹாஸ்டல் குளியலறை வராந்தாவுல. பம்பு பாக்கறேன்னு வார்டனோட தம்பி உள்ள வந்து நிக்கிறான்."

இரண்டே நாளில் யாரோ அதைப் படம்பிடித்து அனுப்ப, அது வார்டனிடம் போய், அங்கிருந்து முதல்வரிடம் போனது.

"மூணு மணிக்கு லேப்டாப்போட வாங்க மேடம்" என்றார் அங்கடி தொலைபேசியில். "கம்ப்யூட்டர் குல்கர்ணியும் வராரு."

"பேரே இருக்காது சார். வெறும் பிராணிதான்."

"எந்தக் கூண்டுப் பிராணின்னு அவர் பாத்துச் சொல்லுவாரு."

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும், அதுவரை தொட்டே பார்த்திராத திருத்த வரலாற்றைத் திறந்தாள். எல்லா வரிக்கும் பிராணி. அந்த ஒரு வரிக்கு மட்டும்: லலிதா லமாணி.

மற்றவர்கள் சொந்த மின்னஞ்சலோடு வந்தவர்கள். லலிதாவிடம் இருந்தது கல்லூரி கொடுத்த கணக்கு ஒன்றுதான். கல்லூரித் தாள் கல்லூரிக் கணக்கை அடையாளம் கண்டு பெயரைக் காட்டிவிட்டது. முன்னாள் நாடோடிகளின் குடியிருப்பான தன் தாண்டாவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். விடுதியை விட்டுத் துரத்தினால் அடுத்த மாதமே கழுத்தில் தாலி ஏறும்.

மணி இரண்டு நாற்பத்தெட்டு. தாளை நகலெடுத்தாள், நகலில் வரிகள் வரும், வரலாறு வராது. மூலத்தை அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள்.

முதல்வர் அறையில் குல்கர்ணி திரையை மேலும் கீழும் உருட்டினார். "சார், இது இன்னிக்கு ரெண்டு நாப்பத்தெட்டுக்குப் பொறந்த தாளு."

அங்கடி கண்ணாடியைக் கழற்றினார். "பழசு எங்க மேடம்?"

"அழிச்சிட்டேன் சார்."

"திரும்ப எடுக்க முடியுமா குல்கர்ணி?"

"இருபத்தஞ்சு நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் கேட்டா எடுக்கலாம் சார்."

"ஜூன் வருது மேடம், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். பம்பையும் வராந்தாவையும் வார்டனின் தம்பியையும் தன் கையெழுத்தில் எழுதி, புகார்தாரர் என்ற இடத்தில் கிரிஜா ஹொசமனி என்று போட்டாள். வெளியே வந்து கல்லூரித் தபால் பிரிவில் அதற்கு முத்திரையும் எண்ணும் வாங்கினாள். எண் விழுந்த கடிதம் பெண்கள் புகார்க் குழுவுக்குப் போயே ஆகவேண்டும்.

லலிதா வாசலில் தோழிகளோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். கிரிஜா அவளைத் தனியே அழைத்தாள்.

"தப்பு என்மேலதாம்மா. உன் பேரு அதுல தெரிஞ்சது. நான் மட்டும்தான் பாத்தேன். அழிச்சிட்டேன்."

"முழுசா போயிடுச்சா மேடம்?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. யாருக்கும் தெரியாதென்று ஒருமுறை உறுதி சொல்லி நேர்ந்ததே போதும்.

"இல்லம்மா. அவங்க நெனச்சா திரும்ப எடுத்துடலாம். இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்கு."