மூலையில் மூன்று அம்புகள்

என் கணவர் வாய்க்கு வாய் ‘அந்தப் பொண்ணு’ என்று சொல்லத் தொடங்கியது, அவர் கொண்டுவரும் படங்களில் அம்புகள் வந்த பிறகுதான்.

அப்போது எங்களுக்குத் திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருவள்ளூரில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். அவர் தினமும் ரயிலேறி மெட்ராஸ் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். படிகங்களுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர் போட, பேனா பொருத்திய ஓர் இயந்திரம் நீளக் காகிதத்தில் படம் வரைந்து தரும். வட்டம் வட்டமாக அணுக்கள், நடுவே கோடுகள். அதைச் சுருட்டி எடுத்துவந்து கட்டிலில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

ஒரு நாள் வந்த படத்தின் இடது மூலையில் சின்னதாக மூன்று அம்புகள் இருந்தன. நுனியில் ஏ, பி, சி என்று எழுத்துகள்.

“இப்ப பாரு. எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கறோம்னு உடனே தெரியுதில்ல? இதுக்கு முன்னாடி தலையும் புரியாது, காலும் புரியாது. அந்தப் பொண்ணுதான் புரோகிராம்ல சேத்துச்சு. இன்னா மூளை!” என்றார்.

“அம்பு போடறதுக்கு மூளை வேற வேணுமா?”

“நீ போட்டுப் பாரு, தெரியும்.”

அந்தப் பெண்ணும் அதே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்பவள். கும்மிடிப்பூண்டிப் பக்கம். அப்பா ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் யாரு கேட்டா?” என்றார். கேட்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிறகு வாரம் ஒரு படமாவது வரும். அம்புகள் ஒரு தடவை வலது மூலைக்குப் போயிருக்கும். இன்னொரு தடவை தடித்திருக்கும். அவருக்கு எப்படிப் பிடிக்கும் என்று கேட்டுக் கேட்டு அவள் மாற்றிக் கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் குழம்பில் உப்பு குறைந்தால்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோகிறவர் அவர்.

கடைசியில், நானும் ஒரு நாள் பார்க்க வருகிறேன் என்று நச்சரித்து அவரோடு ரயிலேறினேன். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவளோ சாயம் போன நூல் புடவையில் இருந்தாள். விரலெல்லாம் மசிக்கறை.

“வாங்கக்கா! சார் உங்களப் பத்திச் சொல்லிக்கினே இருப்பாரு.”

அவரை அண்ணா என்று கூப்பிடுகிறாளா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ‘சார்’ என்றாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

“இன்னா சொல்வாரு?”

“நீங்க வைக்கற மீன் கொழம்பப் பத்தி.”

அவளுக்கு மூளை, எனக்கு மீன் குழம்பு.

கணவரைப் பேராசிரியர் கூப்பிட்டனுப்ப, நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் அட்டைக் கட்டு ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் செலுத்துவதற்காக ஓட்டை போட்ட அட்டைகள். அம்பு எவ்வளவு நீளம், எந்த மூலை, எழுத்து எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அதில் ஒரே ஓர் அட்டையில் இருக்கும் எண்கள். அம்புகள் எதைக் குறிக்கின்றன என்றேன். படிகத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சின்னப் பெட்டியின் மூன்று விளிம்புகள் என்றாள். மேசைமேல் இருந்த படத்தில் இரண்டு அம்புகள்தான் தெரிந்தன.

“பி எங்க?”

“அது நம்மள பாத்து நிக்குதுக்கா. அதான் வெறும் புள்ளியாத் தெரியுது. சாருக்கு நேராப் பாக்கணும்.”

“கொஞ்சம் திருப்பி வச்சா மூணும் தெரியுமே?”

“தெரியும். எவ்ளோ திருப்பலாம், நீங்களே சொல்லுங்க.”

நான் சொன்னேன். அம்பின் நீளத்தையும் நானே சொன்னேன். கண்ணில் படட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே. புது அட்டையில் ஓட்டை போடும் இயந்திரத்தின் முன் என்னை உட்காரவைத்து விசைகளை அழுத்தச் சொன்னாள். டக் டக்கென்று அது கடித்த சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எழுந்திருக்க மனசே வரவில்லை.

சில நாள் கழித்துப் படம் வந்தது. அம்புகள் மூலையில் கிளம்பி அணுக்களுக்குள்ளேயே போய்க் குத்திக்கொண்டு நின்றன. அவர் சிரித்தார்.

“பாத்தியா, அந்தப் பொண்ணும் தப்பு பண்ணும் போல. பரவால்ல, திருப்பி வச்சிருக்கறது நல்லாருக்கு.”

“அது நான் போட்டது,” என்றேன்.

“நீயா?” என்று இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். “அதான பாத்தேன்.”

என் தப்புகூட அவளுடையது என்று நினைத்திருந்த வரைக்கும் அவருக்கு அழகாக இருந்திருக்கிறது. படத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஏன் என்று அவருக்கு விளங்கவும் இல்லை.

அம்பின் நீளத்தைக் குறைத்து மறுபடி போட்டார்கள். நான் சொன்ன கோணம் அப்படியே நின்றது. அந்தப் படம்தான் அவருடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஏறியது. பைண்டாகி வந்த பிரதியில் நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். புரோகிராமில் அம்புகளைப் போடும் பகுதியை எழுதியதற்காக அவளுக்கு ஒரு முழு வாக்கியம். கடைசி வரியில், பொறுமைக்காக மனைவிக்கு.

“அந்தப் படத்தத் திருப்பச் சொன்னது நானு.”

“ஆமா. இப்ப இன்னா அதுக்கு? நீ ஊட்டு ஆளு. உனக்குப் போயி தேங்க்ஸ் சொல்லுவாங்களா?”

“சொல்லியிருக்கீங்களே. பொறுமைக்கு.”

மறுநாள் அவரோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலேறி ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டேன். நேராக அவளிடம் போய், அட்டையில் ஓட்டை போடும் வேலைக்கு எங்கே சேரலாம் என்று கேட்டேன். அவளுக்கு என் மனதில் இருந்தது எதுவும் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு, பழக்கித் தரும் இடத்துக்கு அவளே கூட்டிப் போனாள். சில மாதங்களில் மவுண்ட் ரோடில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும்தான், படமெல்லாம் கிடையாது. ஆனாலும் அந்தச் சத்தம் என்னுடையதாயிற்று.

எனக்கும் அவளுக்கும் நல்ல பழக்கம் உண்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சில தடவை எங்கள் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவை அவரை அண்ணா என்றும் கூப்பிட்டாள். அதற்குள் எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தபோது மீனம்பாக்கத்துக்குப் போய் வழியனுப்பினோம். அவள் உள்ளே போனதும் நான் அழுதுவிட்டேன். “இவ்ளோ பாசமா?” என்றார் அவர். பாசமும் இருந்தது. ஆனால் அழுதது அதற்கில்லை. அவள் அங்கே போய் இன்னும் என்னென்னவோ படம் போடுவாள், நான் திருவள்ளூர் வண்டியைப் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் அழுதேன்.