பயணம்: இல்லை

அந்தப் படிவத்தில் பதினேழு கேள்விகள் இருந்தன. ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மாலை ஐந்தரை மணிக்கு, மெல்பர்னின் புறநகரான மல்கிரேவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீல மையில் நிரப்பினேன். இரத்தப் பரிசோதனையில் புரோஸ்டேட் சுரப்பிக்கான அளவு ஏறியிருந்தது. புற்றுநோயா இல்லையா என்று தெரிய, ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோல் வழியாக எடுக்கும் முறைக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். குடல் வழியாக எடுப்பதென்றால் அந்த வியாழக்கிழமையே இடம் இருந்தது. வியாழனை எடுத்துக்கொண்டேன். விடை தெரியாமல் ஆறு வாரம் உட்கார்ந்திருப்பது என்னால் முடியாத காரியம்.

பதினோராவது கேள்வி: கடந்த ஆறு மாதங்களில் வெளிநாடு சென்றீர்களா?

நாட்குறிப்பை எடுத்துவந்து பார்த்தேன். தங்கை மகளின் கல்யாணத்துக்காகத் திருச்சியில் மூன்று வாரம் இருந்துவிட்டு மெல்பர்னில் வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணினேன். ஆறு மாதமும் ஒன்பது நாளும். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

என் மனைவி எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போயிட்டு வந்ததைப் போட்டீங்களா?"

"ஆறு மாசம் தாண்டிருச்சு."

"எவ்வளவு தாண்டிருச்சு?"

"ஒன்பது நாள்."

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒன்பது நாளை எண்ணிப் பார்த்து இல்லைன்னு போட்ட ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது என் பழக்கம்.

இந்த இடத்தில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களை ஆராயும் கூடம் ஒன்றில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். விஞ்ஞானி இல்லை. பல மருத்துவமனைகளிலிருந்து வரும் கிருமிகளைச் சிறு குழாய்களில் உறையவைத்து, எண் போட்டு, பட்டியலில் ஏற்றிப் பாதுகாப்பது என் பொறுப்பு. இந்தியா போன்ற நாடுகளுக்குப் போய்வருகிறவர்களின் குடலில் இப்படிப்பட்ட கிருமிகள் குடியேறலாம், எந்தத் தொந்தரவும் தராமல் மாதக்கணக்கில் தங்கலாம், சிலரிடம் ஒரு வருடத்தையும் தாண்டலாம். இதை ஒரு கருத்தரங்குக்காகப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, எழுத்துப்பிழை பார்த்து, சட்டம் போட்டு மாட்டியதே நான்தான். படிவத்தை நிரப்பும்போது அது எனக்கு நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். நினைவு வந்தது. ஆனால் கேள்வி ஆறு மாதத்தைப் பற்றியது.

வியாழக்கிழமை குடல் சுவரைத் துளைத்து ஊசியால் சதைத் துணுக்கு எடுத்தார்கள். அதற்கு முன்பாக வழக்கமான ஒரு தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். வெளிநாடு போய்வந்தவர் என்று தெரிந்திருந்தால் முதலில் குடலில் என்ன இருக்கிறது என்று பரிசோதித்து, அதற்கேற்ற மருந்தைக் கொடுத்திருப்பார்கள், அல்லது தோல் வழிக்கு மாற்றியிருப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. நான் எங்கும் போகாதவன்.

சனிக்கிழமை காலை, முடிவு நல்லபடியாக வர வேண்டுமென்று மனைவி அர்ச்சனை செய்ய விரும்பியதால் த பேசின் என்ற ஊரில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், மலையடிவாரமான அங்கே எப்போதும் நான்கு டிகிரி கூடுதலாகக் குளிரும். வரிசையில் நிற்கும்போது எனக்கு நடுக்கம் எடுத்தது. எல்லாரும் கையைத் தேய்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

"ஜாக்கெட்டை ஏன் கார்லயே விட்டீங்க?" என்றாள்.

"போட்டிருக்கேனே."

அவள் குனிந்து பார்த்தாள். ஜாக்கெட்டின் ஜிப் கழுத்து வரை ஏற்றியிருந்தது. என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம் முன்னால் நின்றவருக்கும் கேட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார். மனைவி என் நெற்றியில் கை வைத்தாள். அர்ச்சனைத் தட்டைப் பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் கையிலிருந்து கார் சாவியை வாங்கினாள். பத்து நாற்பதுக்குக் கிளம்பினோம். அன்றைய நாள் என் நாட்குறிப்பிலேயே இல்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் வெற்றுப் பக்கம்.

மருத்துவமனையில் இரத்தம் எடுத்து, உடனே சொட்டு மருந்தாக ஓர் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஞாயிறு காலை காய்ச்சல் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தது. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. இளம் வயது டாக்டர் ஒருத்தி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரத்தத்தில் பாக்டீரியா வளர ஆரம்பித்துவிட்டது, எந்த மருந்துக்கு அது சாகும் என்பது நாளைக்குத்தான் தெரியும் என்றாள். பிறகு கேட்டாள்: வெளிநாடு எங்காவது போனீர்களா?

"இல்லை" என்றேன்.

"ஏங்க, என்ன சொல்றீங்க?" என்றாள் மனைவி.

"கடந்த ஆறு மாதத்தில் இல்லை" என்று டாக்டரிடம் திருத்திச் சொன்னேன். அப்போது என் காய்ச்சல் முப்பத்தொன்பது புள்ளி எட்டு டிகிரி செல்சியஸ். அதைக் கட்டிலின் காலடியில் தொங்கிய தாளிலிருந்து பிறகு எழுதிக்கொண்டேன்.

மனைவி என்னை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினாள். ஜனவரியில் போனோம், மூன்று வாரம், தென்னிந்தியா. அங்கே இவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் சரியானதும் நிறுத்திவிட்டார். மீதி மாத்திரை வீட்டில் இருக்கிறது, பெயர் வேண்டுமா? அவருடைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

டாக்டர் உடனே எழுந்து போனாள். வெளியே அவள் தொலைபேசியில் யாரிடமோ அனுமதி கேட்பது காதில் விழுந்தது. அரை மணிக்குள் பழைய பையைக் கழற்றி வேறு ஒரு மருந்துப் பையை மாட்டினார்கள். எளிதில் எடுத்துக் கொடுக்காமல் பாதுகாத்து வைத்திருக்கும் மருந்துகளில் அது ஒன்று. செவ்வாய் காலை காய்ச்சல் இறங்கியது. திங்கட்கிழமை முடிவுக்காகக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "காத்திருக்காமல் இருந்தது நல்லது" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாம் நாள் அறுவை மருத்துவர் வந்து சதைத் துணுக்குகளின் முடிவைச் சொன்னார். புற்றுநோய் இல்லை. மனைவி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அந்த ஒன்பது நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஐந்து வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி உண்டு. கிருமிகளை வளர்த்து மருந்துகளோடு மோதவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. புரோஸ்டேட் விஷயத்தை நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. கடுமையான காய்ச்சல் என்றுதான் தெரியும்.

"என்ன அண்ணை, நல்லா மெலிஞ்சு போனியள்" என்றாள். "உங்கட ஃப்ரீசரை ஒருத்தரும் தொடேல்லை. தொட்டா நீங்கள் வந்து இடம் மாறிப் போச்செண்டு ரெண்டு நாள் கதைப்பியள்."

வந்த குழாய்களைத் தற்காலிகமாக ஒரு பெட்டியில் அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றோடும் ஒரு தாள். பெயர் இருக்காது. ஆய்வுக்கூட எண், வயது, ஆணா பெண்ணா, எங்கிருந்து எடுத்தது, எந்த நாள், இப்படிச் சில வரிகள். வரிசையாகப் பட்டியலில் ஏற்றினேன். ஏழாவது தாள்: ஆண். வயது ஐம்பத்து நான்கு. இரத்தம். புரோஸ்டேட் ஊசிச் சோதனைக்குப் பின். எடுத்த நாள், அந்தச் சனிக்கிழமை.

தாளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன்.

"இதை வளர்த்த தட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

"ஓம், நேற்றுத்தான் திரும்பப் போட்டனான். வந்து பாருங்கோ. இது பொல்லாத சாமான்."

வட்டத் தட்டில் கிருமி சாம்பல் நிறப் படலமாகப் பரவியிருந்தது. அதன்மேல் மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகள். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி செத்து, கண்ணாடி போல ஒரு வளையம் தெரியும். முதல் வட்டு, ஊசிக்கு முன் நான் விழுங்கிய மாத்திரை. படலம் அதன் விளிம்பு வரை வளர்ந்திருந்தது. இரண்டாவது, சனிக்கிழமை எனக்குள் ஏற்றிய மருந்து. அதன் விளிம்பிலும் படலம். ஓரத்தில், ஞாயிறன்று மாற்றி ஏற்றிய மருந்தின் வட்டைச் சுற்றி மட்டும் வளையம் இருந்தது. ஸ்கேலை வைத்து அளந்தேன். இருபத்து நான்கு மில்லிமீட்டர். இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான தட்டுகளை அளந்திருக்கிறேன். அளந்து எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். அன்று ஸ்கேலை மறுபடி வைத்து இன்னொரு முறை அளந்தேன்.

அவள் இன்னொரு தட்டைக் காட்டினாள். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்துச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்ப்பது எங்கள் கூடத்தின் இன்னொரு வேலை. மருந்துகள் தோற்கும் நாளைக்காக. பன்னிரண்டு சொட்டில் ஒன்று மட்டும் படலத்தில் மங்கலாக ஒரு துளை போட்டிருந்தது.

"ஒண்டு கடிச்சிருக்கு. ஆனா வடிவாக் கடிக்கேல்லை. பார்ப்பம்" என்றாள். "புரொஃபசருக்கு இதிலை நல்ல புளுகம், சரியான சந்தோசம், அண்ணை. இந்த ஆள் வெளிநாட்டுக்கே போகேல்லை. அப்ப இது மெல்பர்னுக்குள்ளேயே பரவுது எண்டு எழுதலாமாம். கட்டுரையிலை முதல் படமே இதுதானாம்."

தாளின் கடைசி வரியை, என் படிவத்திலிருந்து அப்படியே எடுத்திருந்ததை, அப்போதுதான் படித்தேன். பயணம்: இல்லை.

"போன ஆள்தான்" என்றேன்.

"ஆர்?"

"இந்த ஆள். திருச்சிக்குப் போயிருக்கார். மூணு வாரம்."

"உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

நான் தேதி இருந்த வரியில் விரலை வைத்தேன். அவள் தாளைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை என் கைகளுக்கு இறங்கியது, உடனே விலகியது.

"நான் ஒண்டும் நினைக்கேல்லை அண்ணை" என்றாள் மெதுவாக.

"நினைக்கலாம். இன்னும் என் குடல்ல இருக்கும். எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது."

அவள் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன்.

புரொஃபசரிடம் அன்றே போய்ச் சொன்னேன். பெயரில்லாத கிருமிக்கு என் பெயரை நானே கொடுப்பதாக ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் கோபப்படவில்லை. கட்டுரையின் முதல் படம் போய்விட்டது என்பதைக்கூட அவர் சொல்லவில்லை. பட்டியலைத் திருத்திவிட்டு வாருங்கள் என்றார்.

கணினி முன் உட்கார்ந்து என் வரியைத் திறந்தேன். திருச்சி, மூன்று வாரம், ஆறு மாதமும் ஒன்பது நாளும் முன்பு, இரண்டு நாள் மாத்திரை, இவ்வளவும் எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. அந்தக் கட்டம் ஆம் அல்லது இல்லை என்பதை மட்டுமே ஏற்கும். பதினோரு வருடத்துக்கு முன், ஆளுக்கொரு விதமாக எழுதிக் குழப்பக் கூடாது என்று அதை அப்படி அமைத்தது நான்தான். வாரக்கணக்காக உட்கார்ந்து செய்த வேலை. பாராட்டும் கிடைத்தது.

'ஆம்' என்று மாற்றினேன். பிறகு அந்த நெடுவரிசையை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தேன். இல்லை, இல்லை, ஆம், இல்லை, இல்லை, இல்லை. இதுவரை எனக்கு மிகச் சுத்தமாகத் தெரிந்த நெடுவரிசை அது. பக்கத்தில் நின்ற அவள், "மற்ற இல்லையளை என்ன செய்யிறது அண்ணை?" என்று கேட்டாள்.

கட்டத்தை அழித்துவிட்டுத் தேதி எழுதும் இடமாக மாற்ற அன்று மதியம் முழுவதும் ஆனது. மூன்று மணிக்கு, பட்டியலின் முதல் 'இல்லை' எந்த மருத்துவமனையிலிருந்து வந்ததோ, அதன் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தேன். எண்ணைச் சொல்லி, அந்த நோயாளி கடைசியாக வெளிநாட்டிலிருந்து எந்த நாளில் திரும்பினார் என்று கேட்டறிந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"படிவத்தில் இல்லை என்று போட்டிருக்கிறாரே" என்றார்.

"தெரியும்" என்றேன். "இருந்தாலும் கேளுங்கள்."