கல்லுப்பொடியின் மணம்

தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் மண் தின்றேன். மாங்காய்க்கும் புளிக்கும் ஆசைப்பட்டதை எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அப்போது தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் உரக்கொட்டகையில் எனக்கு வேலை. திருச்சிப் பக்கத்து வறண்ட காட்டில் தோண்டிய கல், மூட்டை மூட்டையாக மலையேறி வரும். உருளைக்கிழங்கு போல உருண்டை உருண்டையாக இருக்கும். என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, அதை இடிப்பாள்; நான் சலிப்பேன். சலித்த பொடி தேயிலைத் தூருக்கு உரமாகப் போகும். மதினி வாக்கப்பட்டிருந்தது அந்தக் கல் எடுக்கிற ஊரில்தான். புருஷனும் அவளும் குழியில் இறங்கிக் கல் பொறுக்கியவர்கள். அவர் இருமி இருமியே போய்ச்சேர்ந்த பிறகு எங்களோடு வந்துவிட்டாள்.

மூடுபனி கொட்டகைக்குள் நுழைந்து பொடியை நனைக்கும்போது ஒரு மணம் எழும். கோடை முடிந்து முதல் தூறல் விழுந்த மாதிரி. மலையில் மண் எந்நாளும் ஈரமாகவே கிடப்பதால் அதற்கு அந்த மணம் கிடையாது. எனக்கு நாலாம் மாசம். சல்லடையை அசைத்தபடியே கண் சொருகும்; விரல் தானாக வாய்க்குப் போகும். பொடி நாக்கில் பட்டதும் உடம்பு முழுக்க ஓர் அமைதி பரவும். வெளியே மலைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து போய்க்கொண்டிருக்கும். எத்தனை நாள் தின்றேன் என்று எனக்கே தெரியாது. மதினிக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் மண்ணைச் சோதிக்க ஒருவர் வந்தார். பட்டணத்துக் கல்லூரியில் வேலை பார்ப்பவர் என்றார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தங்க இலைகளைத் தொங்கவிட்டிருந்தார். மூச்சுப் பட்டாலே கிழிந்துவிடும் போல அத்தனை மெல்லிசு. ஈரக்காற்றில் பெட்டி சரியாக வேலை செய்யாது என்று மூன்று நாள் பனி விலகக் காத்திருந்தார். நாலாம் நாள் வெயில் அடித்தது. மிச்ச ஈரமும் காயக் கொட்டகையில் கரி அடுப்பு மூட்டச் சொன்னார். ஒரு கறுப்புக் கோலை என் கம்பளியில் தேய்த்துப் பெட்டியின் தலையில் தொட்டார். ஒட்டியிருந்த இலைகள் பட்டாம்பூச்சி இறக்கை விரிப்பதுபோல விலகி நின்றன.

முதலில் தோட்டத்து மண்ணை ஒரு தட்டில் பரப்பி உள்ளே வைத்தார். இலைகள் அசைந்ததாகவே தெரியவில்லை. அடுத்து எங்கள் பொடியை வைத்தார். இலைகள் மெல்ல, தூக்கம் வருகிற கண்ணிமைபோல, ஒன்றையொன்று நோக்கி இறங்கின. நானும் மதினியும் பார்த்துக்கொண்டே நின்றோம். அத்தனை அழகான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

என்ன ஆச்சு என்று மதினி கேட்டாள்.

"இந்தக் கல்லுக்குள்ளேருந்து ஏதோ ஒண்ணு ஓயாம வெளியே வந்துக்கிட்டே இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது" என்றார் அவர்.

"தின்னா என்ன ஆகும்?" என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் திரும்பினார். "யார் தின்னது?"

"நாந்தான்" என்றாள் மதினி.

அவர் தட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். இதில் இருப்பது ரொம்பக் கொஞ்சம், கெடுதலா இல்லையா என்று சொல்லும் அளவுக்குத் தனக்குத் தெரியாது, ஆனாலும் தின்னவும் வேண்டாம், தூசியைச் சுவாசிக்கவும் வேண்டாம் என்றார். தூசி பறக்காமல் பொடியை லேசாக நனைத்துச் சலிக்கும்படி தோட்டத்துத் துரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றோடு நிறுத்தினேன். ஆனால் பிள்ளை அசையும்போதெல்லாம் உள்ளே இரண்டு தங்க இலைகள் இறங்குவதாகத் தோன்றும். என் வீட்டுக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை. மதினியிடம் மட்டும் அழுதேன்.

"நீதான்னு தெரிஞ்சிருந்தா உன்னை லயத்து வீட்டை விட்டே வெளிய விட்டிருக்கமாட்டான் என் தம்பி. பயத்துலயே பாதி செத்திருப்ப" என்றாள். கங்காணியிடம் கெஞ்சி என்னைக் கொழுந்து பறிக்க மாற்றிவிட்டதும் அவள்தான். தன்னை மாற்றச் சொல்லவில்லை.

ஆனியில் பெண் பிறந்தது. ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

மதினிக்கு மறுவருஷம் இருமல் பிடித்தது. தோட்டத்து டாக்டர் தூசி என்றார். குழியில் பட்ட தூசியா, கொட்டகைத் தூசியா, கண்ணுக்குத் தெரியாத அந்த ஏதோ ஒன்றா, யாருக்குத் தெரியும். அவளை நாற்றுமேட்டுக்கு மாற்றினார்கள். அதன்பிறகும் ஒன்பது வருஷம் இருந்தாள். என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்றுகளுக்கு நிழல் கட்டுவாள். பிள்ளை மண்ணில் கைவைத்தால் மட்டும் அதன் விரல்களைப் பிடித்துத் தன் சேலையில் துடைத்துவிடுவாள்.