வழியனுப்பிய பிறகு வந்தவள்

ஒரு ஆளைப் பார்த்துத் தெரியாது என்று சொல்லக் காத்தூனுக்கு வரவே வராது. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரமாக லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற ஜமீர் அகமதின் மனைவி. காவேரிப்பட்டினத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். கடைக்குப் பின்னாலேயே வீடு. தண்ணீர் கேட்டு வருகிற டிரைவர்களிடம் கன்னடம், பூ விற்கிற நஞ்சம்மாவிடம் தெலுங்கு, வீட்டுக்காரரைத் திட்டும்போது மட்டும் சுத்தமான தமிழ். வாசலில் யார் நின்றாலும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் பேரையே கேட்பாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு சினிமா டைரக்டர் வந்து குழப்பிவிட்டுப் போன கூத்தைக் கேளுங்கள்.

அவன் வருவதற்கு முன்பே அவள் பாதி குழம்பித்தான் கிடந்தாள். மகள் சானியா ஓசூர்ப் பக்கம் இன்ஜினியரிங் மூன்றாவது வருஷம். மாணவர் பரிமாற்றம் என்று சொல்லி ஜெர்மனியில் ஒரு கல்லூரியில் ஆறு மாதம் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போகிறாளா இல்லையா என்று சீக்கிரமே சொல்லியாக வேண்டும். ஜமீர் நைசாகக் கழன்றுகொண்டார்.

"உங்கம்மா சரின்னா எனக்கும் சரி," என்றார். பெரிய மனுஷன்! காத்தூனுக்குச் சரி என்றும் வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. சோற்றில் இரண்டு முறை உப்புப் போட்டதுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி இங்கே படிக்க வந்து, ஒரு வீட்டில் தங்கி, பக்கத்து வீட்டுப் பையனைக் காதலித்து, கடைசியில் அழுதுகொண்டே ஊர் திரும்புகிற கதை. அவள் தங்குகிற வீடாகக் காத்தூன் வீட்டைப் பிடித்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவாக நடிக்க வேண்டியவர் வழுக்கி விழுந்து படுத்துவிட்டார். டைரக்டர் விஜயகுமார் காத்தூனை மேலும் கீழும் பார்த்தான்.

"அம்மா, நீங்க நீங்களா நின்னாப் போதும்."

"முக்காடு எடுக்க மாட்டேன்."

"தாராளமா போட்டுக்கங்க."

முதல் நாளே, அந்த வெளிநாட்டுப் பெண்ணாக நடிக்க, வேனிலிருந்து யூலியா என்று ஒரு போலந்துப் பெண் இறங்கினாள். பெட்டியை அவள் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்த வசனம், "போயிட்டு வரேம்மா."

"அவ ஊருக்குப் போறா. நீங்க அழுவுங்க," என்றான் டைரக்டர்.

"ஏன்யா, இப்பத்தான எறங்குனா? அவ யாருன்னே எனக்குத் தெரியாது, எங்கிருந்து அழுவுறது?"

சினிமாவில் கடைசிக் காட்சியை முதலில் எடுப்பதும் முதல் காட்சியைக் கடைசியில் எடுப்பதும் வழக்கம்தான் என்று அவன் விளக்கினான். காத்தூனுக்கு மண்டையில் ஏறவில்லை. கண்ணில் மருந்து விட்டார்கள். எரிச்சல் தாங்காமல் அழுதாள். பிரமாதம் என்றார்கள்.

அப்புறம் வந்த நாட்களில் அந்தப் பெண் அடுப்படியே கதியென்று கிடந்தாள். காத்தூன் பிசைந்து கொடுத்த சோற்றைத் தின்றாள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். அவளும் சானியாவும் இங்கிலீஷில் பேசிச் சிரித்தபடி இருந்தார்கள்.

"இவள இவ்வளவு தூரம் அவங்கம்மா எப்படி விட்டாங்களாம், கேளு," என்றாள் காத்தூன்.

சானியா கேட்டுச் சொன்னாள். "அவங்களும் விடலையாம்மா. ரொம்ப நாள் பேசவே இல்லையாம்."

காத்தூன் நேராக டைரக்டரிடம் போனாள். "உன் கதையில இவ அம்மா எங்க?"

"கதைக்குத் தேவைப்படலம்மா."

"பெத்தவ இல்லாம இவ என்ன மரத்துலயா காய்ச்சா?"

அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டான். காத்தூனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் யார்மேல் என்று அவளுக்கே விளங்கவில்லை.

கடைசி நாள், யூலியா முதன்முதலாக வந்து சேருகிற காட்சி. அதே வாசல், அதே பெட்டி. காத்தூன் அவளைப் பார்த்து "யாரும்மா நீ?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வசனம். அது வரவில்லை. ஒரு தடவை "வாடி" என்றாள். இன்னொரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, இவள நீங்க முன்னப்பின்ன பாத்ததே இல்ல!" என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டான்.

கேமராவுக்குப் பின்னால் சானியா நின்றிருந்தாள். காத்தூனின் கண் அவள்மேல் போய் நின்றது. மகள் போவதுகூடப் பெரிதில்லை. ஆறு மாதம் கழித்து இதே வாசலில் வேறு யாரோபோல் வந்து நிற்பாளோ, தானே அவளைப் பார்த்து யாரென்று கேட்கும்படி ஆகிவிடுமோ என்பதுதான் இத்தனை நாள் வாயைக் கட்டிய பயம்.

மறுபடி "ஆக்‌ஷன்" என்றார்கள். யூலியா பெட்டியைக் கீழே வைத்தாள். காத்தூன் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வந்து சேந்தேன்னு உங்கம்மாவுக்குப் போன் போட்டியா?"

"கட்! இதுவே இருக்கட்டும்!" என்று டைரக்டர் குதித்தான். யூலியாவுக்கு அம்மாவும் போனும் புரிந்துவிட்டது. பெட்டிமேல் உட்கார்ந்து நிஜமாகவே போன் போட்டு, அதைக் காத்தூன் பக்கம் திருப்பினாள்.

திரையில் செம்பட்டை முடியும் கையில் கரண்டியுமாக ஒரு அம்மாள். காத்தூனை உற்றுப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாள் விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினாள். சாப்பிடுகிறாளா? காத்தூன் தலையை வேகவேகமாக ஆட்டினாள். இவ்வளவு சாப்பிடுகிறாள் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், முதல் நாள் வராத அழுகை அத்தனையும் காத்தூனுக்கு மருந்தில்லாமலே வந்தது.

சாயங்காலம் யூலியா காத்தூனின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா," என்றாள். இந்த முறை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேன் கிளம்பியது.

சானியா பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, நாளைக்குள்ள சொல்லியாவணும்."

"அங்க உனக்கு யாரு சோறு போடுவாங்க? அவங்க மூஞ்சிய நான் போன்ல பாக்கணும்."

"அங்க அப்படி யாரும் இல்லம்மா. ஹாஸ்டல். நானேதான் சமைச்சுக்கணும்."

தெளிந்த மாதிரி இருந்த தலை மறுபடி சுற்றியது. "அப்ப நீ சாப்டியான்னு நான் யாரத்தான் கேக்கறது?"

"என்னையே கேளேன்மா."

காத்தூன் மகளைப் பார்த்தாள். உலை வைக்கத் தெரியாது, வெங்காயம் உரிக்க மூக்கால் அழும். அதுதான் நிமிர்ந்து நின்று இப்படிச் சொல்கிறது. காலையிலிருந்து தொண்டையில் சிக்கிக் கிடந்த வசனம் அப்போதுதான் வந்தது.

"யாரும்மா நீ?"

சானியாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "உன் பொண்ணுதான்."

"அப்ப உள்ள வா. மொதல்ல கைய சுட்டுக்காம சோறு வடிக்கக் கத்துக்க."