நஸீமா டீச்சரின் ஒரு கேள்வி

மகள் பாடசாலைக்கு ஒட்டிக் கொடுக்கவேண்டிய ஒப்படைக்காக மனைவி அடுப்பில் கோதுமை மாப் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். மா வேகும் அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் கல்முனைச் சந்தியில், கக்கத்தில் சுவரொட்டிக் கட்டோடு நின்றேன். நஸீமா டீச்சர் மாகாண சபைத் தேர்தலில் நின்ற வருடம் அது.

அப்போது நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் அறிவிப்பாளன். டீச்சரின் பிரசாரத்துக்கு எங்கள் கடைதான். உடம்பு ஈர்க்கில், குரல் மட்டும் யானை. அறிவிப்பு ஓட்டோவுக்குள் குனிந்து பார்த்து, "இவனா இந்தக் கத்துக் கத்தின?" என்று சிரிப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் இருந்தது, ஒளிப்பானேன்.

டீச்சர் வெல்வதற்காக நிற்கவில்லை. மாகாண சபையில் ஏற்கெனவே இருந்த எங்கள் ஊர் மெம்பரைத் தோற்கடிக்க நின்றார். முன்பொருமுறை மெம்பரின் வரவேற்புக்குப் பிள்ளைகளை உச்சி வெயிலில் நிறுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே இடமாற்றம், மெம்பரின் சிபாரிசுக் கையெழுத்தோடு. மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய மலையடிவாரப் பாடசாலை. அங்கே இருந்தபோதுதான் அவருடைய உம்மா மவுத்தானார். வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கிவிட்டார்கள். கழுவி வைத்த வெறும் கட்டிலைத்தான் பார்த்தாராம்.

டீச்சர் என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, ஒவ்வொரு நாளும் மெம்பர்ட வீட்டு முன்னுக்கு ஓட்டோவ நிப்பாட்டிச் சொல்லணும். எங்கிட மேடைக்கு வந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். ஒண்டே ஒண்டு."

சொன்னேன். ருசித்து ருசித்துச் சொன்னேன். ஒரு வாரத்தில் மெம்பரின் மச்சான் டீச்சரிடம் தூது வந்தார். "பழசை விடுங்க டீச்சர். பள்ளிக்கூடத்து அதிபர் பதவி எடுத்துத் தாறம்."

டீச்சர் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதையும் மைக்கில சொல்லு."

அதன்பிறகு மெம்பரால் வராமலிருக்க முடியவில்லை. ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு, ஆட்கள் சூழ எங்கள் மேடையில் ஏறினார். டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"என்னை மாத்துறதுக்கு ஏன் கையெழுத்து வச்ச நீங்க?"

மெம்பர் சிரித்தார். "டீச்சர், ஒரு நாளைக்கி நூறு கடிதம் வருது. அதில எது உங்கிட கடிதம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அவருடைய ஆட்களே கைதட்டவில்லை. இப்படி அவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி அலைந்தவர்கள் கூட்டத்தில் எத்தனையோ பேர். பின்னாலிருந்து ஒருவர், "அப்ப எங்கிட கடிதமும் அப்பிடித்தானா?" என்று கத்தினார். பிறகு ஒரே கூச்சல்.

அந்தப் பதிலை என் தொலைபேசியில் பதிந்திருந்தேன். பிரசாரம் முடியும்வரை நற்பிட்டிமுனை வரைக்கும் சந்திக்குச் சந்தி அதையே போட்டேன். டீச்சர் கேட்டுச் செய்ததல்ல. எனக்கே ஆசை அடங்கவில்லை.

டீச்சர் தோற்றார். செய்தி சொல்லப் போன என்னிடம், "அவரு?" என்று மட்டும் கேட்டார்.

"அவரும் தோத்திட்டாரு டீச்சர்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவர் அங்கேயே குந்தி, "உம்மா" என்று குலுங்கி அழுதார்.

சில வருடங்களில் மெம்பர் மவுத்தானபோது ஊரே போனது. டீச்சர் போகவில்லை. நானும் போகவில்லை. பிறகாவது மனம் உறுத்தியதா என்று கேட்பீர்கள். இல்லை.

இப்போது டீச்சரும் இல்லை. தேர்தலே வைக்காததால் அந்த மாகாண சபை கூடுவதுமில்லை. மேடை போட்ட வளவில் மாடிக் கட்டடம் நிற்கிறது. சவால் விடுகிறவர்களுக்கு மட்டும் குறைவில்லை. அவரவர் வீட்டுக்குள் இருந்துகொண்டு தொலைபேசித் திரையில் கத்துகிறார்கள். எதிரியும் அவர் வீட்டுக்குள்ளிருந்தே திருப்பிக் கத்துகிறார். மெம்பரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் கூப்பிட்டபோது அந்த மனிதர் வந்தார்.