உப்புக் காற்றில் ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாலிடெக்னிக்கில் லேப் பார்க்கிறவள் என்பதால் எனக்குப் பாகங்கள் மரத்தில் காய்க்கின்றன என்று அவர்களுக்கு நினைப்பு. திட்டிக்கொண்டேதான் செய்து கொடுப்பேன். அக்காவுக்கு மட்டும் திட்டாமல் செய்தேன்.

அக்காவுக்கு ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை. எந்தக் கண்டெய்னரில் என்ன சரக்கு, எந்தக் கப்பலில் ஏறுகிறது என்ற விவரங்களைக் கெடு நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். அத்தான் விசைப்படகில் இன்ஜின் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சும்மா படுத்துக் கிடக்கிற ஆளா அவர்? அக்கா ஆபீசில் இருந்த ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குளியலறையில் விழுந்து, அவள் சாயங்காலம் வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரைத் தனியே விட்டுப்போக அவளுக்கு நெஞ்சு துணியவில்லை. பிள்ளைகள் இல்லை. ஆள் வைத்துப் பார்க்க வசதியில்லை. வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை. கடைசியில் முதலாளி அண்ணாச்சிதான் ஒரு வழி சொன்னார். "வீட்டுல இருந்தே பாரும்மா. சிஸ்டம் வாங்கிப் போடுறது ஒன் பொறுப்பு. கப்பல் யாருக்காவும் நிக்காது, பாத்துக்கோ."

எதைப் பழையதாக வாங்கலாம், எதைப் புதிதாகவே வாங்க வேண்டும் என்பதில்தான் சல்லிசான கம்ப்யூட்டரின் சூட்சுமம் இருக்கிறது. மூடிப்போன ஒரு ஆபீசின் பழைய கம்ப்யூட்டர் பெட்டி கிடைத்தது. போர்டும் பிராசசரும் ரேமும் நன்றாகவே இருந்தன. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். பவர் சப்ளையும் யூபிஎஸ்ஸும் புதிது, அதில் கஞ்சத்தனம் கூடாது. மானிட்டர் என் வீட்டில் சும்மா கிடந்தது. நாளெல்லாம் தட்டப் போகிறவள் என்று கீபோர்டு மட்டும் கொஞ்சம் உசத்தியாக வாங்கினேன்.

வீடு உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. மேசையை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டு, "இந்தக் காத்துதான் இதுக்கு எமன் அத்தான், ஜன்னலத் தொறந்துராதீங்க" என்றேன்.

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இத்தன தகரம் இருக்கு, ஒரு பொட்டு எண்ணெ இல்லையேளா?"

அவர் வீட்டில் எண்ணெய் படாத இரும்பு கிடையாது. ஜன்னல் கொண்டி, கட்டில் கால், கேஸ் அடுப்பு எல்லாம் மினுங்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போடும்போது கிரீஸ் பூசி வைக்காதவன் மறுபடி கடலுக்குப் போக மாட்டான் என்பார். அக்காவின் முந்தானையில் எப்போதும் ஒரு கிரீஸ் கறை இருக்கும்.

"அப்பிடியே தாளிச்சுக் கொழம்பும் வச்சிருங்க" என்று நான் கேலி பண்ணினேன். அவரும் சிரித்தார்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போயிற்று. அக்கா மேசையில், அத்தான் கட்டிலில். அவள் கப்பல் பெயரை வாசித்தால் அதை நடுக்கடலில் பார்த்த கதையை அவர் சொல்லுவார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்ததில்லை என்றாள் அக்கா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

பிறகு ஃபேன் கரகரத்தது. அக்கா போனில் சொன்னபோது, "தூசியா இருக்கும், ஞாயித்துக்கிழம வந்து பாக்கேன்" என்றேன். அத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலை அவள் மருந்துக் கடைக்குப் போன நேரம், ஒற்றைக் கையால் பெட்டியைத் திறந்து ஃபேனுக்கு எண்ணெய் விட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரேமின் பற்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது கண்ணில் பட்டுவிட்டது. உப்பு தின்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பச் செருகியிருக்கிறார். ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. திரும்பி வந்த அக்கா ஒன்றும் அறியாமல் சுவிட்சைப் போட்டாள். புகை வந்தது.

அன்று மதியம் ஒரு கப்பலுக்குக் கெடு. நான் லீவு சொல்லி ஓடுவதற்குள் நேரம் தாண்டிவிட்டது. சரக்கு கப்பலேறாமல் யார்டிலேயே நின்றது. சரக்குக்காரர் வேறு ஆபீசைப் பார்த்துக்கொண்டார். அண்ணாச்சி கோபப்படக்கூட இல்லை. திங்கட்கிழமை ஆபீசுக்கு வா, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். வேறு சிஸ்டம் போட்டுத் தருகிறேன் என்று நானே போய்க் கெஞ்சினேன்.

"சிஸ்டம் வரும்மா. போன பார்ட்டி திரும்ப வருவானா?"

அங்கிருந்து அக்கா வீட்டுக்குத் திரும்பினேன்.

போர்டு கருகிக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த கிரீஸ் டப்பாவைத் தெருவில் வீசியிருப்பேன். கட்டிலில் கிடந்தவர் முகத்தைப் பார்த்ததும் கை வரவில்லை.

"என்னளா ஆச்சு அதுக்கு?"

"கரண்ட் ஏத்த இறக்கம் அத்தான்."

ஏற்ற இறக்கத்தைத் தாங்கவென்றே நான் வைத்திருந்த யூபிஎஸ்ஸை அவர் பார்த்தார். இன்ஜினோடு வாழ்ந்தவரிடம் போய் இப்படி ஒரு பொய். அக்கா பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார்.

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீங்கதான்" என்றாள்.

அத்தான் தலையை ஆட்டினார். "அப்ப திங்கக்கெழம வெளிய பூட்டிட்டு ஆபீசுக்குப் போ. தொறந்து கெடந்தா நா எந்திரிச்சுத் தெருவுக்கு வந்துருவேன். எவன் வண்டிலயாவது விழுவேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை நானும் போயிருந்தேன். சாப்பாடு, சொம்புத் தண்ணீர், மூத்திரக் குவளை, போன் எல்லாவற்றையும் அவருடைய வலது கைக்கு எட்டும்படி அக்கா வைத்தாள். வாசலுக்கு வந்தவளுக்குப் பூட்டுப் போட முடியவில்லை. பூட்டை என் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நான்தான் பூட்டினேன்.

உள்ளேயிருந்து அத்தான் கேட்டார், "நல்லா இழுத்துப் பாத்தியாளா?"

இழுத்துப் பார்த்தேன்.