கட்டில் போட இடமில்லாத வீடு

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு முழுநேரமாக உழைத்தவனுக்கு மிஞ்சுவது வழக்குகளும் புத்தகங்களும்தான். வழக்குகள் தள்ளுபடியாகிவிட்டன. புத்தகங்கள் வீட்டை அடைத்துக்கொண்டன; உங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று தெரியும்.

மண்டபக் கைது

மறியல் செய்தால் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அதுவரை பொழுது போக வேண்டுமே என்று ஒரு தோழர் விற்பதற்குப் புத்தகக் கட்டோடுதான் கைதாவார். எட்டாம் வகுப்பு தாண்டாத நான் படித்ததெல்லாம் அந்த மண்டபத் தரையில் வாங்கிய பிரசுரங்கள். அதில் இன்றும் எனக்குப் பெருமைதான்.

மனைவி செல்விக்கு மூட்டுத் தேய்மானம். தரையில் படுக்கக் கூடாது, கட்டில் போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டில் போடவேண்டிய அறை முழுக்கப் புத்தகம். "இனி ஒன்றும் வாங்கமாட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் குடவாசல் மறியலுக்குப் போனேன். ஏழு புத்தகங்களோடு திரும்பினேன்.

"அந்தப் போலீஸ்காரங்க உங்கள உள்ளயே வச்சிருந்திருக்கலாம்" என்றாள்.

எடைக்கு வந்தவை

கூட நின்ற தோழர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். காரியம் முடிந்த வாரமே பிள்ளைகள் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பழைய பேப்பர் கடை ரஹீம் பாய் உடனே எனக்குப் போன் செய்வார். முதல் பக்கத்தில் செத்தவரின் கையெழுத்தைப் பார்த்தபின் எப்படி விட்டுவிட்டு வருவது? ஒருமுறை வைராக்கியமாக வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வரலன்னா சரியாப் போச்சா தோழர்? நாளைக்கு லாரி வந்து அள்ளிட்டுப் போயிரும்" என்றார் பாய்.

உள்ளே போனேன்.

ஆறடி

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, தரையிலிருந்து எழும்போது செல்வி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் மனைப்பட்டா வாங்கிக் குடுத்தீங்க. அம்மாவுக்கு ஆறடி எடம் விடலையேப்பா."

காலி அறை

புத்தகங்களைச் சங்க அலுவலகத்துக்குத் தருகிறேன் என்றேன். "இடமில்லை தோழர், இப்பல்லாம் யாரு படிக்கிறா?" என்றார் நான் வளர்த்துவிட்ட செயலாளர். ரஹீம் பாய் லோடு ஆட்டோ கொண்டுவந்தார். மூன்று நடை ஆயிற்று.

செல்வியைத் தூக்கி வந்து புதுக் கட்டிலில் கிடத்தினோம். அவள் சுவர்களை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்த ரூம் இவ்வளவு பெருசா இருந்துச்சா?" என்றாள்.

பண்ணையாரிடமும் போலீஸிடமும் முடியாது என்று சொல்லியே வயதான நான், ஒரு புத்தகத்திடம் அதைச் சொல்லக் கற்றுக்கொள்வதற்குள் செல்விக்கு நடை போய்விட்டது.